அறையின் நடுவில் ஒரு பள்ளம்

கிளிநொச்சியில் நான் வேலை செய்யும் அறை பத்தடிக்குப் பத்தடி. சீமெந்துக் கல் சுவர், சீமெந்துத் தரை, மேலே ஓடு. அதற்குள் இரவிரவாக இருந்து ஒரு பாட்டுக்கு மிக்ஸ் செய்தேன். பேஸ் கிட்டார் அடிக்கடி வந்து நிற்கும் ஸ்வரம், ஏ தந்தியைத் திறந்து தட்டினால் வருகிற 55 ஹேர்ட்ஸ். அந்த இடம் வரும்போதெல்லாம் பாட்டின் அடி கழன்று விழுந்ததுபோல இருந்தது. மூன்று டெசிபெல் கூட்டினேன், போதவில்லை. ஆறாக்கினேன். விடியப்புறம் மனம் நிறைந்து கோப்பை அனுப்பிவிட்டுப் படுத்தேன்.

இரண்டு கிழமை கழித்து, வவுனியாவுக்குப் போகிற ஒரு தனியார் பஸ்ஸில் அதே பாட்டு போனது. பாடிய பிள்ளையின் குரல் கேட்கவில்லை. கண்ணாடி யன்னல்கள் மட்டும் அதிர்ந்தன. மாங்குளம் தாண்டும்வரை தலையைக் குனிந்தபடி இருந்தேன். அந்தப் பிள்ளை தன் முதல் பாட்டுக்காக ஒரு வருடம் உழைத்திருந்தாள்.

பிழை காதில் இல்லை, கதிரை இருந்த இடத்தில் இருந்தது. இந்த இதழின் ஆசிரியர் உரையை ஒரு சப்வூஃபர் பெட்டிக்காக எழுதுவதற்கு அந்த பஸ் பயணம்தான் காரணம். வன்னியில் மேசையில் இரண்டு சிறிய மொனிற்றர் ஸ்பீக்கர்களை வைத்துக்கொண்டு வேலை செய்கிற ஒலிப்பதிவாளர்கள், குறும்படக்காரர்கள், கோயில் திருவிழாப் பதிவுகளைத் திருத்துகிறவர்கள் என்று இப்போது பலர் இருக்கிறோம். கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் அடுத்து வாங்க நினைப்பது சப். வாங்குங்கள். ஆனால் கடைக்குப் போவதற்கு முன் அளவுநாடாவை எடுங்கள் என்பதே நான் சொல்ல வந்தது.

உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு நின்ற அலை, கணு, முரண்கணு எல்லாம் ஞாபகம் இருக்கும். இரு முனையும் மூடிய குழாய்க்குள் என்ன நடக்குமோ அதுதான் இரண்டு சுவர்களுக்கு நடுவிலும் நடக்கிறது. எங்கள் ஊரின் 30 பாகை வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீற்றர் போகும். பத்தடி என்பது 3.05 மீற்றர். அலைநீளத்தின் பாதி அந்த 3.05 மீற்றருக்குள் சரியாக அடங்குகிற அதிர்வெண் 57 ஹேர்ட்ஸ். சுவரோரம் அது கொழுத்துக் கேட்கும். அறையின் நட்டநடுவில் அதன் அமுக்கம் ஏறத்தாழச் சுழியம், அதுதான் அமுக்கத்தின் கணு. அங்கேதான் பள்ளம்.

நீள்சதுர அறையில் நீளத்துக்கு ஒரு அதிர்வெண், அகலத்துக்கு வேறொரு அதிர்வெண் என்று தொல்லை பிரிந்து போய்விடும். சதுர அறையில் இரண்டும் ஒரே 57இல் வந்து விழுகின்றன. போருக்குப் பிறகு வன்னியில் எழுந்த வீடுகளை எண்ணிப் பாருங்கள். இந்திய வீட்டுத்திட்டத்தின் கீழ் வடக்கு கிழக்கில் கட்டப்பட்ட வீடொன்றின் பரப்பு ஏறத்தாழ 550 சதுர அடி, அதற்குக் கிடைத்த உதவித்தொகை ஐந்தரை இலட்சம் ரூபாய். அதற்குள் இரண்டு அறை, ஒரு கூடம், ஒரு குசினி. தறப்பாள் கொட்டிலில் இருந்து வந்த சனத்துக்கு அது மாளிகை. அந்த வீட்டின் ஒரு சின்ன அறையைத்தான் எங்களில் பலர் ஸ்ரூடியோ ஆக்கியிருக்கிறோம். சதுரத்துக்குக் கிட்டிய அந்த அறையை மாற்ற முடியாது. அதற்குள் எங்கே இருப்பது என்பதை மாற்றலாம்.

மேசையின் அகலம் இரண்டடி. அதைச் சுவரில் இருந்து ஒரு அடி தள்ளி, வயர் போக இடம் விட்டு வைப்போம். கதிரையில் சாய்ந்து இருந்தால் தலை சுவரில் இருந்து நாலரை, ஐந்தடியில் வந்து நிற்கும். பத்தடி அறையில் ஐந்தடி என்பது நட்டநடு. பக்கச் சுவர்களுக்கும் நடுவில்தான் இருப்போம், இடது வலது சமனாகக் கேட்க வேண்டுமல்லவா. ஆக, இரண்டு பள்ளங்களும் சந்திக்கிற புள்ளியில் தலையை வைத்துக்கொண்டு பேஸ் போதவில்லை என்று கூட்டுகிறோம். இன்னொன்றும் நடக்கிறது. அதே அறையின் அடுத்த நின்ற அலை 114 ஹேர்ட்ஸ், நடு அறையில் அதற்கு அமுக்கத்தின் முரண்கணு. 57 காணாமல் போய் 114 வீங்கிக் கேட்கும். கிக் டிரம்முக்குக் கனம் இல்லாமல் குடத்துக்குள் தட்டினதுபோல ஒரு முழக்கம் வருகிறதே, அது இதுதான். தவிலின் தொப்பியில் விழுகிற கம்படியும் அந்த அறையில் அப்படித்தான் ஏமாற்றும்.

மேசையைச் சுவரோடு ஒட்டி, தலையை மூன்றடியில் கொண்டுவந்து பாருங்கள். நான் இருந்தது ஐந்தடியில். மூன்றடிக்கு வந்ததும், ஒரு சதமும் செலவில்லாமல், அந்த 55 ஹேர்ட்ஸ் ஸ்வரம் எழுந்து நின்றது. ஆறு டெசிபெல் கூட்டிய கையை நினைத்து அன்றைக்குக் கவலைப்பட்டேன்.

கதிரைக்கு இடம் பிடித்த பிறகுதான் பெட்டியைப் பற்றிய பேச்சு. ஐந்து அங்குல மொனிற்றர்கள் எவ்வளவு ஆழம் போகும் என்பது அவற்றின் விபரத்தாளிலேயே இருக்கிறது. யமஹா எச்எஸ்5க்கு 54 ஹேர்ட்ஸ் என்று போட்டிருக்கும். அதுவும் பத்து டெசிபெல் விழுந்த பிறகு உள்ள கணக்கு. ஐந்து தந்தி பேஸ் கிட்டாரின் கீழ்த்தந்தி ஏறத்தாழ 31 ஹேர்ட்ஸ். இடையில் கிடக்கும் கிட்டத்தட்ட ஒரு ஒக்ரேவை நாங்கள் ஊகித்துத்தான் மிக்ஸ் செய்கிறோம். சப் வாங்குவது அதைக் கேட்பதற்கு.

அருகில் இருந்து கேட்பவருக்கு எட்டு அங்குலம் தாராளம், பத்து இருந்தால் நல்லது. எச்எஸ்8எஸ் போன்ற எட்டு அங்குலப் பெட்டி மேசைக்கு ஒன்றரை மீற்றருக்குள் இருக்கும்போது இந்த அறைக்கு மிச்சம். கார்ச் சாமான் விற்கும் இடத்தில் பன்னிரண்டு அங்குல வூஃபரை வாங்கிப் பலகைப் பெட்டி அடித்துப் போட்டவர்களை எனக்குத் தெரியும், உழைப்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் காரின் உட்புறத்துக்கென்று கணக்குப் பார்த்த வூஃபர் அறைக்குள் வேறு மாதிரி நடந்துகொள்ளும். அதைவிட மோசமானது ஹோம் தியேட்டர் செற்றோடு வரும் பெட்டி. அதில் பல ஒரே ஒரு அதிர்வெண்ணைச் சுற்றித்தான் முழங்கும். எந்தப் பாட்டைப் போட்டாலும் அதே ‘டும்’. பேஸ் கிட்டார் ஏறுகிறதா இறங்குகிறதா என்று அதில் தெரியாது. படம் பார்க்க அது போதும், தீர்ப்புச் சொல்லப் போதாது.

அடைத்த பெட்டியா, துளை வைத்த பெட்டியா என்று கேட்டால் என் கை அடைத்த பெட்டிக்கே போகும். துளைப் பெட்டி அதே அளவில் கூட ஆழம் போகும், கூடச் சத்தமும் தரும். ஆனால் தன் எல்லைக்குக் கீழே ஒக்ரேவுக்கு 24 டெசிபெல் என்று சரேலென்று விழும், துளை இசைந்திருக்கும் இடத்தில் ஒலி சற்றுப் பிந்தியும் வரும். அடைத்த பெட்டி ஒக்ரேவுக்கு 12 டெசிபெல் என்று மெதுவாக இறங்கும். பெரிய சத்தம் வேண்டாத மேசைக்கு அந்த நிதானம்தான் வேண்டும். மூடிய கொங்கிரீட் அறைகளில் இந்த மெதுவான இறக்கத்தை அறையே தூக்கிப் பிடிக்கும் என்று பிற நாட்டுப் புத்தகங்கள் சொல்லும். அதை எங்கள் வீடுகளுக்கு அப்படியே எடுக்கக் கூடாது. சீலிங் அடிக்காத ஓட்டுக் கூரையாலும் காற்றுக்கென்று வைத்த ஓட்டைக் கற்களாலும் ஆழ்ந்த பேஸ் வெளியே போய்விடும். நல்லதும் உண்டு, தரைக்கும் கூரைக்கும் இடையிலான நின்ற அலை எங்களைப் பெரிதாக உபத்திரவப்படுத்துவதில்லை. தகரமோ அஸ்பெஸ்ரஸோ போட்டிருந்தால் முதலில் ஆணிகளைப் பாருங்கள். கூரை கிறுகிறுப்பதை ஸ்பீக்கர் கிழிந்ததாக நினைத்துக் கழற்றியவர்கள் இருக்கிறார்கள்.

இனி வைக்கிற இடம். வழக்கமாக எல்லோரும் மேசைக்குக் கீழே தள்ளுவோம், அல்லது மூலையில் விடுவோம். மூலை எல்லா நின்ற அலைகளையும் ஒன்றாகத் தட்டி எழுப்பும். சத்தம் கூடும், அதனால் நல்லது என்று தோன்றும். மேசைக்குக் கீழே வைத்தால் காதுக்குக் கிட்ட இருப்பதால் அறையின் குரலைவிடப் பெட்டியின் குரல் முன்னுக்கு வரும், அது உண்மையான இலாபம். கூடவே மேசைப் பலகை அதிரும், முழங்காலில் தட்டும், காலால் உணர்வதைக் காது கேட்டதாக மனம் எடுத்துக்கொள்ளும்.

சதுர அறைக்கு இன்னொரு இடம் இருக்கிறது. பக்கச் சுவர் ஒன்றின் சரி நடு. அந்தப் புள்ளி நீளவாட்டு 57 ஹேர்ட்ஸின் கணுவில் இருக்கிறது, அங்கிருந்து அந்த அலையைத் தட்டி எழுப்ப முடியாது. அகலவாட்டு 57ஐ அது எழுப்பும். ஆனால் நீங்கள் இருப்பது அகலத்தின் நடுவில், அந்த அலையின் கணுவில். எழுகிறது, உங்களுக்குக் கேட்காது. இப்படி இரண்டு தொல்லைகளும் ஒரே அடியில் விலகி, பெட்டியின் நேரடிக் குரல் மேடு பள்ளம் குறைந்து வரும். பெட்டியைச் சுவரோடு கிட்ட வையுங்கள். இரண்டடி தள்ளி வைத்தால் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 143 ஹேர்ட்ஸ் அளவில் வந்து வெட்டும், ஒட்டி வைக்க வைக்க அந்த வெட்டு சப்பின் எல்லைக்கு மேலே போய்விடும்.

2002இல் ஹார்மன் நிறுவனத்தின் ரொட் வெல்ற்றி, எத்தனை சப் போதும் என்ற கேள்வியை எடுத்து ஒலிப்பொறியியல் சங்கத்தின் மியூனிக் மாநாட்டில் ஒரு ஆய்வுக் கட்டுரை வைத்தார். எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் இரண்டு சப் வைப்பது செலவுக்கேற்ற நல்ல வழி என்பது அவருடைய முக்கிய முடிவுகளில் ஒன்று. அவர் பார்த்தது பலர் அமர்ந்து கேட்கும் அறையை. ஒற்றைக் கதிரைக்காரரான எங்களுக்கு ஒரு பெட்டியிலேயே அதன் பெரும் பங்கு கிடைக்கும். பிறகு வசதி வந்தால் இரண்டாவதை எதிர்ச் சுவரின் நடுவில் வையுங்கள். அப்போது அகலவாட்டு அலையும் எழாமலே போகும்.

அந்தச் சுவரின் நடுவில் கதவு இருக்கும், எனக்குத் தெரியும். இந்த வீடுகளில் கதவு எப்போதும் நாங்கள் நினைக்கிற இடத்தில்தான் இருக்கிறது. அப்படியென்றால் பழைய வழி. பெட்டியைத் தூக்கிக் கதிரையில் உங்கள் தலை இருக்கும் உயரத்துக்குக் கிட்ட வையுங்கள், மெதுவாக ஏறி இறங்கும் ஒரு பேஸ் வரியைத் திரும்பத் திரும்பப் போடுங்கள், நீங்கள் தரையில் சுவரோரமாகத் தவழுங்கள். எந்த இடத்தில் எல்லா ஸ்வரமும் ஒரே கனத்தில் கேட்கிறதோ அங்கே சோக்கட்டியால் ஒரு கோடு. அதுதான் பெட்டியின் இடம். அறையை அளந்து பார்க்க ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருள் இலவசம், அளவிடும் மைக் ஒன்றை நாலு பேர் சேர்ந்து வாங்கிக் கைமாற்றிக்கொள்ளலாம். மென்பொருளின் கோட்டைக் கண்டதும் ஈக்குவலைசரில் பள்ளத்தை நிரப்பப் போகாதீர்கள். மேட்டைக் குறைக்கலாம். கணுவில் கிடக்கும் பள்ளத்தில் எவ்வளவு ஊற்றினாலும் நிரம்பாது, அம்ப்ளிஃபையர் மட்டும் களைக்கும்.

மொனிற்றருக்கும் சப்புக்கும் எல்லையை 80 ஹேர்ட்ஸில் போடுங்கள். ரொம்லின்சன் ஹோல்மன் சினிமா ஒலிக்கான டிஎச்எக்ஸ் முறைக்கு எடுத்த எல்லையும் அதுதான். அதற்கு மேலே போனால் பேஸ் பக்கச் சுவரில் இருந்து வருவது காதுக்குப் பிடிபடத் தொடங்கும். மொனிற்றருக்கும் 80க்குக் கீழே போகாமல் வெட்டுங்கள். சிலர் மொனிற்றரை முழுதாக ஓடவிட்டு சப்பையும் சேர்த்துப் போடுகிறார்கள். ஐந்து அங்குலக் கோனை 40 ஹேர்ட்ஸ் தள்ளச் சொல்லி வதைத்தால் குரல் வரும் இடமும் கலங்கும்.

பக்கச் சுவரில் இருக்கும் பெட்டி தலைக்கு 1.6 மீற்றரிலும் மொனிற்றர் 90 சென்ரிமீற்றரிலும் இருந்தால், சப்பின் ஒலி இரண்டு மில்லிசெக்கன் பிந்தி வரும். 80 ஹேர்ட்ஸின் ஒரு சுற்றே பன்னிரண்டரை மில்லிசெக்கன். இரண்டு என்பது சின்னக் கணக்கல்ல. கணினியில் மொனிற்றருக்குத் தாமதம் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். முடியாவிட்டால் 80 ஹேர்ட்ஸ் தொனியைப் போட்டு, சப்பின் துருவத்தைத் தலைகீழாக்கி, ஃபேஸ் திருகைத் திருப்பி, தொனி எங்கே ஆகக் குறைவாகக் கேட்கிறதோ அங்கே நிறுத்துங்கள். பிறகு துருவத்தைப் பழையபடி மாற்றுங்கள். சிறப்பாக ஒன்றையொன்று அழித்த இடம்தான் சிறப்பாகச் சேரும் இடம். காதாலேயே செய்யலாம், பத்து நிமிடம் போதும்.

சத்தத்தின் அளவைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது.

மனிதக் காது மெல்லிய சத்தத்தில் பேஸை மிக மோசமாகக் கேட்கும். ஆயிரம் ஹேர்ட்ஸில் 40 டெசிபெல் எவ்வளவு கேட்கிறதோ, அதே அளவு 50 ஹேர்ட்ஸ் கேட்க ஏறத்தாழ 78 டெசிபெல் வேண்டும். அதனால்தான் இரவில் மெதுவாக வைத்து மிக்ஸ் செய்கிறவர் பேஸைக் கூட்டுகிறார், பகலில் உரக்க வைத்துக் கேட்பவர் குறைக்கிறார். எங்கள் தலைமுறையின் காதுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1990களில் மின்சாரம் இல்லாத வன்னியில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் ஓடிய றேடியோவில் பாட்டும் செய்தியும் கேட்டு வளர்ந்தோம். சுற்றும் வேகம் குறைந்தால் பாட்டே தேய்ந்துபோகும். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் பேஸ் என்று ஒன்று இருக்கவே இல்லை. பிறகு கிடைத்தபோது அது விருந்தாக இருந்தது. விருந்தை அளந்து போட எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

என் அறைக்கு சப் வந்த முதல் கிழமை, பின்னேரம் ஒன்றில் பக்கத்து வீட்டு அம்மா வேலியோரம் வந்து நின்றார். கோபம் இல்லை. “தம்பி, பாட்டுப் போடு, நான் வேண்டாம் எண்டு சொல்லேல்ல. உந்த அடி மட்டும் நிலத்தாலை வருது. எனக்கு அது பாட்டு மாதிரித் தெரியேல்ல” என்றார். பிறகு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

தூரத்து வெடியோசையில் கூர்மையான பகுதியைக் காற்று விழுங்கிவிடும், அடித்தொனி மட்டும் பல கிலோமீற்றர் வந்து சேரும். பங்கருக்குள் இருந்தவர்களுக்கு அது காதுக்கு முன் முதுகில் தெரியும். போர் முடிந்த 2009 மே வரை இந்த மண்ணில் இருந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. 57 ஹேர்ட்ஸின் அலை ஆறு மீற்றர் நீளம். கல்லுச் சுவர் அதை முழுதாக நிறுத்தாது, பனைமட்டை வேலி அதற்கு இல்லாததற்குச் சமன். எனவே வன்னியில் சப் வைக்கிற ஒருவருக்கு அயலவரின் உடம்பும் வடிவமைப்பின் ஒரு பகுதி. நான் இதை மரியாதைக்காகச் சொல்லவில்லை, தொழிலாகச் சொல்கிறேன். பெட்டியைத் தரையில் இருந்து பிரித்து இறப்பர் அடி வைத்த பலகையில் நிறுத்தினேன். அவர் வீட்டுப் பக்கச் சுவரை விட்டு மறுசுவருக்கு மாற்றினேன். அருகில் இருந்து கேட்பதால் அளவை நன்றாகக் குறைத்தேன், 75 டெசிபெல்லுக்கு மேல் போவதில்லை. எட்டு மணிக்குப் பிறகு சப் நிறுத்தம், ஹெட்ஃபோன்தான். இவ்வளவும் செய்தபோது என் மிக்ஸும் திருந்தியது, ஏனெனில் ஒவ்வொரு நாளும் ஒரே அளவில் கேட்கப் பழகினேன்.

மின்சாரத்தையும் மறக்க முடியாது. சப்பில் வரும் 50 ஹேர்ட்ஸ் முனகல் எங்கள் கரன்ட்டின் அதிர்வெண்தான். மடிக்கணினி, ஓடியோ இன்ரர்ஃபேஸ், மொனிற்றர், சப் எல்லாவற்றையும் ஒரே பிளக் பலகையில் கொடுங்கள், சமநிலை வயர் பாவியுங்கள். முனகலை நிறுத்த ஏர்த் முள்ளைக் கழற்றுவது உயிரோடு விளையாடுவது, அதைச் செய்ய வேண்டாம். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரன்ட் நின்ற காலத்தில் பலர் இன்வேர்ட்டர் வாங்கினோம். மலிவான சதுர அலை இன்வேர்ட்டரில் சப் இரையும், தூய சைன் அலை தருவதாகப் பார்த்து எடுங்கள். அதே வருடம் டொலர் 200இல் இருந்து 360க்குப் பாய்ந்ததில் இந்தச் சாமான்களின் விலை எங்கே போனது என்பதை நீங்களே அறிவீர்கள். பிழையான பெட்டியை வாங்கி மாற்றும் வசதி எங்களுக்கு இல்லை.

பெட்டி அழுத்தப் பலகையால் ஆனதென்றால் மாரிக்கும் கறையானுக்கும் பயப்படும். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வீடுகளுக்குள் வெள்ளம் வந்தபோது முதலில் நனைந்தவை தரையில் இருந்தவை. தாழ்ந்த நிலத்தில் இருப்பவர்கள் நாலு சீமெந்துக் கல்லின் மேல் பெட்டியை ஏற்றி வைக்கலாம், ஒலியில் பெரிய வித்தியாசம் வராது.

கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது, வவுனியாவில் 2021இல் இருந்து தனிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இந்த வீட்டு அறைகளை அளந்து பார்க்க ஒரு மாணவர் குழு முன்வந்தால் கதவைத் திறந்துவிட நாங்கள் ஆயத்தம். அதுவரை நாங்களே தொடங்குவோம். உங்கள் அறையின் நீளம், அகலம், கூரை எது, கதவு எங்கே, தலை சுவரில் இருந்து எத்தனை அடியில் இருக்கிறது, பெட்டியை எங்கே வைத்தபோது எந்த ஸ்வரம் எழுந்தது, எது விழுந்தது என்று ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் முதல் பக்கங்களை அதற்கென்று ஒதுக்கியிருக்கிறேன். என் அறையின் படமும் அதில் வரும். பழைய கதிரை இருந்த இடத்தில் சிவப்பில் ஒரு புள்ளடி போட்டிருப்பேன்.